சீர்வலை கோத்த கதை

ஆராய்ச்சி மாணவிக்குக் கை சும்மா இருக்காது. சேர்மானவியல் என்ற கணிதப் பிரிவில் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை எல்லாம் மணியிலும் கம்பியிலும் கோத்துவிடுவாள். துறையில் பாதிப் பேர் காதில் அவள் செய்த தேற்றங்கள்தான் தொங்கின.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருந்தது. சமர்ப்பித்துவிட்டால் கல்லூரி வேலை அவளுக்கு; இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அம்மா சொந்தக்காரர்களிடம் தம்பட்டம் அடித்தும் முடித்தாயிற்று. வழிகாட்டியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அட்டைப்படத்துக்கு ஒரு சீர்வலை கோக்கலாமே என்று உட்கார்ந்தாள். அங்கேதான் பிடித்தது சனி.

சீர்வலைதான் அவளுடைய ஆய்வுப்பொருள். மணிகளைக் கம்பிகளால் இணைக்கும்போது மூன்று நிபந்தனைகள் பொருந்தினால் அது சீர்வலை. அதன் குணநலன்களைப் பற்றி நாற்பது தேற்றங்கள் எழுதியிருந்தாள். ஒன்றிலும் பிழை கிடையாது. சேர்ந்த புதிதில், "ஒரு சீர்வலையைக் கண்ணால பாக்கலாமா சார்?" என்று கேட்டதற்கு வழிகாட்டி, "இருக்கறது வெளிப்படைதானேம்மா, மேல போ" என்றார். எதற்கெடுத்தாலும் இதையே சொல்வதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே வெளிப்படை. இவளும் மேலே மேலே போய்விட்டாள்.

இப்போது கோக்க உட்கார்ந்தால், கடைசி மணி சேரவே மாட்டேன் என்றது. பெரிதாகக் கோத்தாள், சிறிதாகக் கோத்தாள். கடைக்காரன் மட்டமான கம்பியைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினாள். பாவம், கம்பி என்ன செய்யும்! கடைசியில், ஒன்றையே இரண்டு விதமாக எண்ணிப் பாருங்கள் என்று முதலாண்டுப் பிள்ளைகளிடம் வாராவாரம் கரடியாய்க் கத்துவாளே, அதைத் தானே செய்து பார்த்தாள். அந்த மூன்று நிபந்தனைகளின்படி மணி மணியாக எண்ணினால் கம்பி முனைகள் ஒற்றைப்படை. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனை என்று எண்ணினால் இரட்டைப்படை. ஆக, உலகத்தில் சீர்வலை என்று ஒன்று கிடையவே கிடையாது. மூன்றே வரி. நாற்பது தேற்றங்களும் அந்தரத்தில் தொங்கின.

சொல்லாமலே விட்டால் என்ன? இல்லாத பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பொய்யாகாது. சீர்வலைக்குக் கொம்பு உண்டு என்று எழுதினால் அதுவும் தேற்றம்தான்! ஆனால் நாளைக்கு அதே பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது? தாளை எடுத்துக்கொண்டு வெளிப்படையின் அறைக்குப் போனாள்.

அவர் படித்தார். திரும்பவும் படித்தார்.

"எங்கேயோ தப்பு இருக்கும்மா."

"அப்படித்தான் இருக்கணும்னு நானும் தேடினேன் சார். இல்ல."

தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "சரி, இதையே ஆய்வேடாக்கு. இல்லைன்னு நிரூபிக்கறதும் ஆராய்ச்சிதான்" என்றார்.

"மூணு வரிதானே சார் இருக்கு?"

"முன்னுரைய நூறு பக்கத்துக்கு இழுத்துடு. யார் கேக்கப் போறா?"

வேலை பிழைத்தது! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். சீர்வலைக்குப் பெயர் வைத்ததே அவர்தான். அதற்குத்தான் அவருக்குப் பட்டம், பதவி, இந்த அறை எல்லாமே.

"இந்த மூணு வரிக்கு உனக்குப் பட்டம் குடுத்துடுவாங்க" என்றார். "என்னோடத நான் யார்கிட்டம்மா திருப்பிக் குடுக்கறது?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த அவளுடைய சமர்ப்பிப்புப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.