இரண்டு கோர் போதும்

ரய்யானின் கம்ப்யூட்டர் கடையில் வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இனியா அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியில் அவள் இரண்டு இடத்தில் நின்றிருந்தாள். ஒன்று பூக்கடை வாசல். இன்னோரிடத்தில் நின்று பார்க்க ஒன்றுமே இல்லை. வெயில் அதிகம் என்று அவளுடைய அண்ணன் ரஞ்சன் நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு அன்று உற்சாகமாக இருந்தது. சாங்கி விமான நிலையச் சரக்கு முனையத்தில் வேலை. ஒரு வாரமாக ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கைப்பேசியில் கம்ப்யூட்டர் ப்ராசசர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தான். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபின் அவனிடம் எதையும் வாங்கிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை. அம்மா இறந்த பிறகு புக்கிட் மேரா வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும். அவன் ஷிஃப்டுக்குப் போய்வருவான், அவள் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய்வருவாள். சமீபத்தில் அந்த வேலையை விட்டுவிட்டாள். களைப்பாக இருக்கிறது, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்யப்போகிறேன், ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக் கொடு என்றாள். அவன் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டான்.

ரய்யான் கண்ணாடி மேசைமேல் இரண்டு சின்னப் பெட்டிகளை வைத்தான்.

"அண்ணே, இது டூயல் கோர். உள்ள ரெண்டு ஆளு வேலை செய்ற மாதிரி வச்சுக்குங்க. டைப்பிங், இமெயில், வீடியோ எல்லாம் ஓடும் லா. வெலைக்கு நல்ல சாமான். அது சிக்ஸ் கோர், ஆறு ஆளு. ரொம்ப வருஷம் தாங்கும். எத்தன வருஷம் யூஸ் பண்ணப் போறீங்கன்னு சொல்லுங்க, எது வொர்த்துன்னு நான் சொல்றேன்."

"பத்து வருஷம்," என்றான் ரஞ்சன்.

"ரெண்டு வருஷம்," என்றாள் இனியா, அதே நேரத்தில்.

ரய்யான் சிரித்தான். ரஞ்சனும் சிரித்தான். பிறகு தான் படித்ததையெல்லாம் தங்கைக்கு விளக்க ஆரம்பித்தான். இப்போது மலிவாகத் தெரியும், அப்டேட் வர வர மெதுவாகிவிடும், நாலு வருஷத்தில் மூச்சுத் திணறும். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரய்யானிடம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷம் ஓடுமா இது?"

"தாராளமா, அக்கா."

"அப்ப இதே போதும்."

"ரெண்டு வருஷம் கழிச்சு என்ன பண்ணுவ? மறுபடியும் என்னை இழுத்துட்டு வருவியா?" என்றான் ரஞ்சன். விளையாட்டாகத்தான் கேட்டான்.

அவள் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவனிடம் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காதவள். அடி வாங்கிக்கொண்டே பதில் பேசுவாள். ரஞ்சன் காத்திருந்தான். அவள் படித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் காலைப் பார்த்தான். செருப்பின் வார் பதிந்து பாதம் வீங்கியிருந்தது. சோபாவில் அவள் தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்குவது நினைவுக்கு வந்தது. முதுகுவலி என்றிருந்தாள். போன வருஷம், 'ஹார்ட் கொஞ்சம் வீக்காம், மாத்திரை குடுத்திருக்காங்க' என்று தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். அதன்பின் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போய்வந்தாள். உனக்கு ஷிஃப்டு இருக்கே என்பாள். அவனும் சரி என்று கிளம்பிவிடுவான்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வீட்ல பேசலாம்ண்ணே."

"ரெண்டு வருஷம்னா சொன்னாங்க?"

இனியா பெட்டியை மேசைமேல் வைத்தாள். "அவங்க அவ்வளவு சொல்லல. நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்."

ரய்யான் எதையோ எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டான். பக்கத்துக் கடையில் யாரோ ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பாட்டின் ஒரே வரி வந்து வந்து நின்றது. ரஞ்சனுக்கு முதலில் வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியவில்லை.

"தம்பி, சிக்ஸ் கோரே போடுங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"வேண்டாம்ண்ணே."

"நான் வாங்கித் தர்றேன். உனக்கென்ன?"

"எனக்குன்னா இது போதும்." அவள் குரல் உயரவில்லை. "நான் போனப்புறம் அது ஹால்ல புதுசு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். நீ தனியா உக்காந்து அதப் பாத்துட்டு இருக்கணுமா?"

ரய்யான் திரும்பி வந்தபோது டூயல் கோர் பெட்டியை ரஞ்சன் அவன் பக்கம் நகர்த்தினான்.

ரய்யான் கம்ப்யூட்டரை அங்கேயே பூட்டிக் கொடுத்தான். இனியா நாற்காலியை இழுத்துப் போட்டு எட்டிப் பார்த்தாள். நகத்தளவு நெம்புகோலைத் தூக்கி, சதுரத் துண்டை அதன் இடத்தில் வைத்து, மேலே சாம்பல் நிறப் பசையை ஒரு பொட்டு வைத்தான். அது எதற்கு என்று கேட்டாள். சூடு இறங்குவதற்கு என்றான். "இது இல்லாட்டி எரிஞ்சு போயிடுமா?" அவள் உண்மையான ஆர்வத்தோடு கேட்டதை ரஞ்சனால் தாங்க முடியவில்லை. வெளியே போய் நடைபாதையில் நின்றான். தெரிந்தவர் ஒருவர் அந்த வழியாக வந்து சாப்பாடு ஆச்சா என்று கேட்டார். ஆச்சு என்றான்.

கேட்காமலே ஒரு மவுஸைச் சேர்த்துக் கட்டிய ரய்யான், பழக்கத்தில், "வாரண்டி மூணு வருஷம் அக்கா," என்றான். சொன்னபின் டேப்பின் நுனியை வெகுநேரம் தேடினான்.

பேருந்தில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ரஞ்சன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தான். எப்போதிலிருந்து தெரியும், ஏன் சொல்லவில்லை, வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று கேள்விகளை வரிசையாக வைத்திருந்தான்.

"இனிமே நானும் வர்றேன் ஆஸ்பத்திரிக்கு," என்பது மட்டும்தான் வந்தது.

"வா. வியாழக்கிழமை," என்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவன் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் அவன் தோள் உணர்ந்தது. நடுவில் ஒன்று தாமதித்தது. அவன் அசையாமல் இருந்தான். அடுத்தது வந்தது. அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. இறங்க அழுத்தும் மணிப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில், சிவப்பாக. யாரோ குடையை விரித்தபடி இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது. பெட்டியை ஒரு கையால் அணைத்தபடி, தங்கள் அடுக்குமாடி புளோக், பேருந்து ஜன்னலைக் கடந்து பின்னால் போவதை ரஞ்சன் பார்த்துக்கொண்டிருந்தான்.