அப்பா படம் இறங்கும் வரை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் வாங்குவார்கள், யார் விசாரித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள் என்று சொல்லிவிடுவார் சந்திரமௌலி. தி. நகரில் பட்டு விற்று வளர்ந்த கண். அப்பேர்ப்பட்டவர்தான் தொண்ணூற்றெட்டில், கடைக்கு இணையப் பக்கம் போடும்போது சறுக்கினார்.

பக்கம் செய்துகொடுத்தவர் மயிலாப்பூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நதீம்.

"மௌலி சார், போன் லைன்ல படம் கோடு கோடாத்தான் எறங்கும். மேல வெச்சது முதல்ல வரும். சேலையைச் சின்னதா மேல வெப்போம். உங்கப்பா படம் கீழ இருக்கட்டும்."

"இன்னா பாய் பேசற? அப்பா படத்துக்குக் கற்பூரம் காட்டாம என் கடையில ஒரு கர்சீப் வித்தது கிடையாது. அவருதான் மேல. பெருசா. மாலையில ஒவ்வொரு பூவும் தெரியணும்."

"அதுவரைக்கும் கஸ்டமர் நிப்பாங்களா?"

"நம்ம கஸ்டமர் நிப்பாங்க."

அவர் மனதில் இருந்தது ஜலஜா. அபிராமபுரத்துப் பெண், இப்போது அமெரிக்காவில். அவள் கூறைப்புடவை இந்தக் கடையில் எடுத்ததுதான். தையில் மகள் மதுவந்திக்குக் கல்யாணம். இணையத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். அவளுக்கென்றே ஓர் அரக்குச் சேலையை வேறு யாருக்கும் பிரித்துக் காட்டாமல் வைத்திருந்தார். அதன் படம் அப்பாவுக்குக் கீழே.

மார்கழியில் போன் வந்தது.

"மௌலி, தப்பா எடுத்துக்காதீங்கோ. மூணு தரம் பார்த்தேன். உங்கப்பா நெத்தி வந்தது, விபூதி வந்தது, மீசை வர்றதுக்குள்ள லைன் கட். வேற கடைப் பக்கத்துல புடவை சட்டுனு வந்துது. மதுவந்தி அதையே பிடிச்சுண்டுட்டா."

"பரவால்லம்மா. குழந்தை நல்லா இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே நதீமிடம் போனார். இதுவரை அவர் பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த பக்கம், தட்டினதும் வந்தது. இப்போதுதான் முதல்முறையாகப் போன் லைன் வழியே. நெற்றி இறங்கியது. புருவம். மூக்குக்கு வருவதற்குள் மௌலி வாட்சைப் பார்த்தார். பார்த்துவிட்டோம் என்று உறைத்ததும் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

அப்பா உயிரோடு இருந்தவரை, சேலையை விரித்த கையோடு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். "நம்ம மூஞ்சியப் பாக்கவா வந்தாங்க? வெளிச்சத்த மறைக்காம நகருடா," என்பார்.

"கீழ போட்டுடு பாய்."

நதீம் மாற்றினார். மறுபடி பார்த்தபோது அரக்குச் சேலை சட்டென்று வந்து நின்றது. அதைக் கேட்க இனி ஆள் இல்லை. அதற்குக் கீழே அப்பா கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தார். மாலையின் கடைசிப் பூ வரும்வரை மௌலி எழுந்திருக்கவில்லை.