அத்தை எடுத்த மூக்குக்கண்ணாடி

குற்றவியல் துறை ஆய்வுக்கூடத்தில் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனை. வருகிறவர் இடப்பக்க அறையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தைத் திருட வேண்டும். பிறகு விரலில் கம்பியை மாட்டிக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் எடுக்கவில்லை என்று சாதிக்க வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு பேனா பரிசு. பத்தொன்பது பேர் வந்தார்கள், பத்தொன்பது பேரும் கருவியிடம் மாட்டிக்கொண்டார்கள். இருபதாவது ஆள் கிடைக்காமல் ஆராய்ச்சி மாணவி தன் அத்தையின் காலைப் பிடித்து அழைத்துவந்தாள்.

பொய்யே சொல்லிப் பழக்கமில்லை என்று முனகிக்கொண்டே போன அத்தை, வலப்பக்க அறைக்குள் நுழைந்துவிட்டார். அது துறைத் தலைவரின் அறை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். மேசையில் கடிகாரம் இல்லை, அங்கே இருந்ததை அத்தை எடுத்துக்கொண்டார்.

மாணவி கேள்விகளைத் தொடங்கினாள். கணினித் திரையில் கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஓடியது. அதையே அவள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, துறைத் தலைவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, கதவோரம் நின்ற குடைத்தாங்கியிடம் தன் கண்ணாடியைப் பார்த்தாயா என்று விசாரித்தார்.

மாணவி இடப்பக்க அறைக்கு ஓடினாள். கடிகாரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அத்தை, சோதனை முடிஞ்சிடுச்சு. நிஜமாவே கேக்கறேன், சாரோட கண்ணாடிய எடுத்தீங்களா?"

"இப்படியெல்லாம் கேட்டு மடக்குவேன்னு நீதானே சொன்ன? நான் எதையும் எடுக்கல."

கோடு அசையவில்லை. மாணவி கெஞ்சினாள், தன் படிப்பே போய்விடும் என்றாள். நன்றாக நடிக்கிறாள் என்று அத்தை மெச்சிக்கொண்டார்.

கடைசியில் துறைத் தலைவரே கெஞ்ச வந்தார். எதிரே உட்கார்ந்து, ஆள் தெரியாமல் முகத்தைக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோனார். சாண் தூரத்தில் நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்க போட்டிருக்கறது என்னோடது."

மாணவி அப்போதுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் கண்ணாடி போடுகிற முகம்; வேறு கண்ணாடி என்று எப்படித் தெரியும்?

"இது என்னோடதுதான்" என்றார் அத்தை, நிதானமாக.

மாணவி பேனாவை எடுத்து அத்தையின் கையில் திணித்த பிறகுதான் கண்ணாடி கழன்றது, அத்தையின் சொந்தக் கண்ணாடி கைப்பையிலிருந்து வெளியே வந்தது. துறைத் தலைவர் தன்னுடையதை மாட்டிக்கொண்டு திரையிலிருந்த கோட்டை வெகுநேரம் பார்த்தார். பத்தொன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டார். அத்தை விடவில்லை, தன் பெயரையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

சேர்த்தார்கள்.