கட்டுத்துணியும் வயிற்றெரிச்சலும்

வயிற்றைக் கிழித்துப் பெற்றவள் அவள்; பேர் வாங்குகிறவன் அவன். பதினெட்டு நாளாக இந்த அநியாயம்தான் நடக்கிறது. தையல் ஆறும்வரை குழந்தையைத் துணியில் கட்டிச் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், இழுத்தால் நீளும் ஐந்து மீட்டர் துணியைத் தோளில் குறுக்காகச் சுற்றி, மகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வீடெல்லாம் உலாத்துகிறான். கட்டிய மறுநிமிடம் அழுகை நின்றுவிடும். பெற்றவள் மடியில் போட்டால் ஊரைக் கூட்டும்.

அவளுக்குப் பொறாமை. தையல் எரிவது எது, வயிறெரிவது எது என்று பிரித்துச் சொல்ல அவளுக்கே தெரியவில்லை.

உச்சந்தலை முத்தத்துக்கு எட்டும் உயரத்தில் இருக்கணும், முகம் வெளியே தெரியணும், மூச்சு முட்டாமல் இருக்கத் தாடைக்குக் கீழே இரண்டு விரல் இடம் வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அவள் சட்டமாகப் பிடித்துக்கொண்டாள். "துணி தளருதுங்க." "மூக்கு மூடுதுங்க." நாளுக்குப் பத்துத் தடவை. ஒன்றிலும் உண்மை கிடையாது. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். இந்த வீட்டில் அந்த இடம் புருஷனுக்கு.

அன்று காலை எதிர்வீட்டு டீச்சர் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். அவன் மகளைக் கட்டியபடியே நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்," என்றார் டீச்சர்.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவள், அப்போதுதான் கவனித்தாள். அவன் சாய்ந்ததில் துணி தளர்ந்து குழந்தை கீழே இறங்கியிருந்தது. அதன் தாடை தன் நெஞ்சிலேயே அழுந்திக் கிடந்தது.

"ஏங்க, தாடை முட்டுது!"

"ஆரம்பிச்சுட்டா," என்று அவன் சிரித்தான். "நேத்தும் இதேதான் சொன்னா, டீச்சர்."

"நேத்து சொன்னது பொய்! இன்னைக்கு நெஜம்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள். தாடைக்கடியில் விரலை விட்டு நிமிர்த்தினாள். குழந்தை ஒரு பெரிய மூச்சை இழுத்து வீறிட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. துணியை அவிழ்த்து மகளை அவளிடம் நீட்டினான். "நீயே வெச்சுக்கோம்மா. நான் இனிமே கட்டவே மாட்டேன்."

அவள் ஆசைப்பட்டதே இதுதான். ஆனால் மகள் பாலும் வேண்டாம், தட்டலும் வேண்டாம் என்று துடித்துத் துடித்து அழுதாள். கூடவே அவளும் அழுதாள்.

கடைசியில் குழந்தையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுத் துணியை எடுத்தாள்.

"எந்திரிங்க. நின்னாதான் கட்ட வரும்."

சுற்றினாள், இழுத்தாள், இடுப்பில் முடிந்தாள். மகளை உள்ளே உட்காரவைத்து இரண்டு விரலால் அளந்தாள். அழுகை நின்றது. அவள் முடிச்சை இன்னொரு தடவை இழுத்தாள்.

"எனக்கு மூச்சு முட்டுதும்மா," என்றான் அவன்.

"உங்களுக்கு முட்டட்டும்," என்றாள்.