நெஞ்சோரத்து மயிர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. 2003இல் செய்யூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னி சொன்னது.

‘ஏரிக்கரையில் வண்டுகள் பொன்னாக மின்ன...’

(எழுதிய இந்த வரியை அடித்துவிட்டேன். அவை நாறும். தொட்டால் விரலில் பினாயில் வாடை.)

2

1996இல் பொன்னி ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் உதவியாள். பேராசிரியர் ஜானகிராமனுக்காகச் செய்யூர் ஏரிச் சேற்றில் கல் புரட்டி, ஈரம் தேடி வாழும் தரைவண்டுகளைப் பிடித்து வருவாள். எல்லாம் ஒரே பேரினம். அதற்குள் எது எந்த இனம் என்று பிரிப்பது அவர் வேலை. ஏரி மதகடியில் பிடித்த வண்டுகளுக்கு மட்டும் நெஞ்சோரத்தில் ஒற்றை மயிர் இருப்பதை லென்ஸில் பார்த்தவள் பொன்னி.

“சார், இது வேற சாதி சார்.”

“சாதியப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

(‘சிரித்தபடி கேட்டார்’ என்று எழுதியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.)

3

இரண்டு வருடம் கழித்து ஆய்விதழில் பேராசிரியரின் கட்டுரை வந்தது. புதிய இனம். அவருடைய குருவின் பெயர் அதற்கு. கண்டறிந்தவர் ஜானகிராமன். கடைசி வரியில், ‘உள்ளூர்க் கூலியாள் ஒருவர் உதவினார்.’

பொன்னி அவர் அறைக்குள் நுழைந்தாள்.

“எம்பேரு எங்க கீது சார்?”

“சேத்துல பொறுக்குறது வேற, வகைப்படுத்துறது வேற.”

“மயிரு கீதுன்னு நா சொன்னப்ப, கண்ணு கெட்டுப்போச்சான்னு திட்டுனியே. அப்ப யாரு வகைப்படுத்துனா?”

வண்டுப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வோர் ஊசியிலும் ஒரு சீட்டு; ‘பிடித்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயர். அவர் கத்தக் கத்த, முப்பத்திரண்டு சீட்டிலும் அதை அடித்து ‘பொன்னி, மதகடி’ என்று எழுதினாள். மறுநாள் வேலை போயிற்று.

4

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி, பொன்னி வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். ஒன்றில், வெளிநாட்டு அறிஞர் ஒருவர் சீட்டைப் பார்த்து உண்மையை எழுதுகிறார்.

“அவன் வந்து சொன்னாத்தான் நா கண்டுபுடிச்சதாவுமா?”

இன்னொன்றில் ஜானகிராமன் மன்னிப்புக் கேட்கிறார்.

“அந்தாளு வாயில அது வராது. வுடு. இந்தக் கதைக்கு யாரு பேரு போடுவ?”

“எழுதுனது நான்தானே, அதனால...”

“அப்ப உனுக்கும் அந்தாளுக்கும் இன்னா வித்தியாசம்? எழுந்து போ.”

போனேன். கோபம் வந்தது, அவள்மேல். வீடு சேரும்வரை அது தவறென்றே தோன்றவில்லை.

தலைப்புக்குக் கீழே என் பெயரைப் போட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் பேனா இருக்கிறதா?