வாசலில் ஒரு கறுப்புப் பட்டை

புது மனையில் கான்கிரீட் போடுவது சுலபம். கயிறு கட்டினோமா, கலவையைக் கொட்டினோமா, கையைக் கழுவினோமா என்று வந்துவிடலாம். பழைய குடியிருப்பில் அந்தக் கதையே நடக்காது. மண்ணுக்கடியில் யாருடைய குழாயாவது ஓடும். பக்கத்து வீட்டு மரத்தின் வேர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்திருக்கும். வாட்டம் கொஞ்சம் பிசகினால் மழைத்தண்ணீர் அடுத்தவர் சமையலறையில் போய் நிற்கும். அதனால் நான் எடுத்த எடுப்பில் டேப்பைத் தொடமாட்டேன். வீட்டுக்காரர்களை வழக்கம்போல நடக்கச் சொல்லி, பின்னாலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு போவேன். கால் போகிற வழியைப் பார்த்த பிறகுதான் வரைபடம். போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அங்கே நடக்க வேண்டியவர் அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. கணவரும் மகனும் யாரோ எவரோ. ஆனால் கால் மட்டும் சும்மா இருக்காது. பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, வேர் தூக்கிப் பிளந்துபோட்ட பழைய தரையில் தடுக்கித் தடுக்கி, நேரே ரோட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறை லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார்.

"கேட்டைப் பூட்டி வைக்கலாமே ஐயா," என்றேன்.

"பூட்டிப் பார்த்தாச்சு மேஸ்திரியம்மா. கம்பியைப் புடிச்சு ஆட்டிக்கிட்டே நிப்பா, கை கிழியற வரைக்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

மகன் கறாராகப் பேசினார். "அக்கா, அம்மா இன்னொரு தடவை ரோட்டுக்குப் போனா காப்பகத்துல சேர்த்துடுவேன். அப்பாவும் சரின்னுட்டாரு. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

தரை போட வந்தவள் தலையில் குடும்பத்தையே தூக்கி வைத்தால் எரிச்சல் வராதா? வந்தது. ஆனால் டிரைவர் ஐயா முகத்தைப் பார்த்ததும் சுண்ணாம்புப் பையை எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா நடந்தார், நான் பின்னால் தூவிக்கொண்டே போனேன். பாதி வழியில் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாசல் பூரா மாவைக் கொட்டுறியே, உங்கப்பனா வந்து பெருக்குவான்?" என்றார். மகன் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டே ரொம்ப நாளாகியிருக்கும் போலிருந்தது.

முடிவில்லாத ஒரு பாதையாகத் திட்டம் போட்டேன். பின்முற்றத்தில் தொடங்கி, கார் போகிற தளத்தின் ஓரமாக வந்து, கேட்டுக்கு முன்னால் மெல்ல வளைந்து, மறுபடி பின்முற்றத்துக்கே திரும்பிவிடும். வேரை வெட்டவில்லை. அதன்மேல் சல்லி பரப்பித் தளத்தைச் சற்று உயர்த்தினேன். கால் வழுக்காமலிருக்க, ஈரம் காய்வதற்குள் மேல்பரப்பைத் துடைப்பத்தால் இழுத்தேன். எல்லாம் முடியும் நேரத்தில் மகன் வந்து, தெருவில் மற்ற வீடுகளில் இருப்பதுபோல வாசலுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை ஒன்று வேண்டுமென்றார். இந்த ஆடம்பரத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கறுப்புச் சாயம் கலந்தேன்.

தளம் இறுகிய பிறகு அந்த அம்மாவை நடக்க விட்டோம். அழகாக நடந்து வந்தார். ஆனால் என் வளைவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ரோட்டை நோக்கிப் போனார். கறுப்புப் பட்டை வந்ததும் சட்டென்று நின்றார். கால் விரலை நீட்டிப் பார்த்து, இழுத்துக்கொண்டார்.

"குழி," என்றார். பிறகு வளைவில் திரும்பி முற்றத்துக்குப் போனார்.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. டிரைவர் ஐயா படியில் உட்கார்ந்து அழுதார். திட்டமிடாமல் நடந்தது என்றாலும், அடுத்த வேலையில் என் சாமர்த்தியமாகவே அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கும்போது டிரைவர் ஐயா போன் செய்தார். பட்டையை உடைத்து எடுக்க வேண்டுமாம். நான் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

"ஒரு சாயங்காலம் வந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க," என்றார்.

போனேன். அந்த அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். டிரைவர் ஐயா மருந்துப் பையோடு தெருவில் வந்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் அந்த அம்மா அலறினார்.

"என்னங்க! வராதீங்க! குழி இருக்குங்க, விழுந்துடுவீங்க!"

பட்டைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, கையை அவரை நோக்கி நீட்டினார். டிரைவர் ஐயா அப்படியே திரும்பி, பக்கத்து வீட்டு வழியாகப் புகுந்து பின்கதவால் வந்தார். அதற்குள் அந்த அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். வந்தவரை யாரென்று தெரியாமல் பார்த்தார்.

"ஒரு நாள் அந்தப் பட்டையைத் தாண்டி வந்தேன். நான் விழுந்தே செத்துட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டா," என்றார் டிரைவர் ஐயா.

"ஆனா அந்த இடத்துல உங்களை அடையாளம் தெரியுதே ஐயா."

"தெரியுது. அங்க மட்டும்தான் 'என்னங்க'ன்னு கூப்பிடுறா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதைக் கேக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. அதுக்காக அவளைத் தினம் பதற விடலாமா?"

மகன் சண்டைக்கு வந்தார். "அம்மா ரோட்டுக்குப் போவாங்கப்பா. அப்புறம் காப்பகம்தான், என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"ரோட்டுக்குப் போனா நானும் கூடப் போறேன். எனக்கு வேற என்ன வேலை?"

மகன் உள்ளே போய்விட்டார்.

நல்ல கான்கிரீட்டை உடைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. இருந்தும் உடைத்தேன். கறுப்பு ஒரு துணுக்குக்கூட இல்லாமல் பெயர்த்து, சாதாரணக் கலவையைப் போட்டு, பழைய தளத்தோடு ஒட்டினாற்போல இழுத்துவிட்டேன். இறுகும்வரை பலகை வைத்து மறைத்திருந்தோம்.

பலகையை எடுத்த அன்று சாயங்காலம் அந்த அம்மா வந்தார். நிற்கவில்லை, தயங்கவில்லை. நேரே தெரு ஓரத்துக்கு வந்து நின்றார். டிரைவர் ஐயா ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவரிடம் காட்டும் மரியாதையோடு அந்த அம்மா அவரைப் பார்த்தார்.

"குழியை மூடிட்டாங்க, பார்த்தீங்களா? எங்க வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வர்ற நேரம். இனிமே பயமில்ல."

டிரைவர் ஐயாவும் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ஆமாம்மா," என்றார். "அவர் வர்ற வரைக்கும் நான் துணைக்கு நிக்கறேன்."