தேங் துறவுக்குப் போகிறான்

மதியம் கேன்டீனில் தேங் என் எதிரே வந்து உட்கார்ந்து கைகூப்பினான்.

"நுன், தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடு."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தாய்லாந்தில் எங்கள் கோன் கேன் பக்கம் ஒருவன் இப்படி ஆள் ஆளாக மன்னிப்புக் கேட்டு வந்தால் அர்த்தம் ஒன்றுதான். தலையை மழித்து, காவி கட்டி, கொஞ்ச நாள் பிக்குவாக இருந்துவிட்டு வரப்போகிறான். அதற்கு முன் எல்லோரிடமும் கணக்கைத் தீர்த்துக்கொள்வது வழக்கம்.

"சாமியாராகப் போறாராம் ஐயா! பாத்துடா, அந்த மண்டைய மழிக்க ஒரு பிளேடு பத்தாது" என்றார் கிட்டி அண்ணன். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் கடைசி வருடம், எங்கள் எல்லோருக்கும் சீனியர். தேங் தன் ரைஸ் குக்கரை அவருக்குத்தான் கொடுத்திருந்தான். கால்பந்து ஷூ வேறொருவனுக்கு. எனக்கு அவன் வளர்த்த சண்டை மீன், பாட்டிலோடு.

"திரும்பி வந்து மீனை வாங்கிக்குவதானே?" என்று கேட்டேன்.

"நீயே வச்சுக்கோ."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் ரெண்டு வாரம் மடத்தில் இருக்கப்போகிறவன் ரைஸ் குக்கரை ஏன் தானம் செய்கிறான்?

போன வருடம் என் அண்ணன் துறவு பூண்டான். பிக்குவின் முன் சொல்லவேண்டிய பாலி மொழி வரிகளைக் குளியலறை வரை முணுமுணுத்துக்கொண்டே அலைந்தான். வீட்டு நாய்க்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

"முதல் வரி மட்டும் சொல்லேன், கேப்போம்" என்றேன் தேங்கிடம்.

"அங்க போய்ப் படிச்சுக்கலாம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

தேங் தட்டைத் தள்ளினான். "இன்னும் சொல்லல."

என் கையில் உருட்டியிருந்த சோறு அப்படியே நின்றது. மகன் துறவு பூணும் நாளில் காவித்துணியை ஏந்தி ஊர்வலத்தில் நடப்பவள் அம்மா. பெற்றதற்கான புண்ணியமே அன்றைக்குத்தான் கிடைக்கிறது என்று எங்கள் ஊர் அம்மாக்கள் நம்புகிறார்கள். தெரிந்திருந்தால் தேங்கின் அம்மா இந்நேரம் மைக் செட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு துறவா?

இரண்டு லேபில் அவன் தோற்றது, மைதானத்துக்கு வருவதை நிறுத்தியது, எதைச் சொன்னாலும் "இனி எதுக்கு" என்றது, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. நான் ஏதாவது கேட்பதற்குள் எழுந்து போய்விட்டான்.

கிட்டி அண்ணனைத் தனியே இழுத்தேன். "அண்ணா, இவன் மடத்துக்குப் போகல. உயிரை விடப்போறான்னு பயமா இருக்கு."

"ஏய், வாயக் கழுவுடி! நல்ல காரியத்துக்குக் குறுக்க நிக்கிறது பாவம், தெரியுமா? அவன் முகத்தப் பாரு, எவ்ளோ அமைதியா இருக்கான்."

"அதுதாண்ணா பயமா இருக்கு."

"தப்பா இருந்தா? துறை முழுக்கப் பேசும். அவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. உன்கூட ஜென்மத்துக்கும் பேசமாட்டான்."

அது உண்மைதான். என் நெருங்கிய நண்பன் அவன் ஒருவன்தான். இருந்தாலும் ஆலோசகர் ரச்சனி மேடத்தின் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் குளறிக் கொட்டினேன். "தப்பா இருந்தா திட்டுங்க மேடம்."

மேடம் பேனாவை மூடினார். "தப்பா இருந்தா சந்தோஷம். இப்ப எங்க இருக்கான்?"

போன் அடித்தோம். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மேடம் கார் சாவியை எடுத்தார். போகும் வழியிலேயே வளாக மருத்துவமனையின் மனநல டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

விடுதிக் காப்பாளர் தேங்கின் அறைக் கதவைத் தட்டினார். சத்தமில்லை. "தேங், நான் நுன்" என்றேன். சத்தமில்லை. காப்பாளர் சாவிக்கொத்தில் சாவி தேடினார். அப்போது உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

கண் சிவந்து நின்றான். பின்னால் அறை வெறிச்சோடியிருந்தது. பாய்கூட இல்லை.

"தேங், சாகணும்னு நினைக்கிறியா?"

இப்படி நேராகக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. காப்பாளர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். மேடம் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"எல்லாரும் சந்தோஷமா அனுப்பி வச்சாங்க" என்றான் தேங். "நீ மட்டும் ஏன்டி?" என்று கத்தினான். "யாரு உன்னக் கூப்பிட்டா? போ இங்கிருந்து!"

"போமாட்டேன். ஆமாவா இல்லையா, சொல்லு."

கதவுச் சட்டத்தில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "ஆமா."

மேடம் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "சொன்னியே, அது போதும். இப்ப டாக்டர்கிட்ட போலாம். தனியா இல்ல, நாங்களும் வர்றோம்."

காரில் என் பக்கம் திரும்பவே இல்லை. மருத்துவமனையில் டாக்டரோடு வெகுநேரம் இருந்தான். நான் வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தீர்த்தேன். விஷயம் கேள்விப்பட்டுக் கிட்டி அண்ணன் வந்தார். ஒரு கிண்டல்கூட வரவில்லை. "நான் குக்கரை வாங்கிட்டு தேங்க்ஸ் சொன்னேன்டி" என்றார்.

கதவு திறந்தது. டாக்டர் இன்றிரவு தேங்கை அங்கேயே தங்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு யார் சொல்வது என்று மேடம் கேட்டார். "நானே" என்று தேங் கையை நீட்டினான். அவன் போன் அறையிலேயே கிடந்ததால் என்னுடையதைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கினான்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் சந்தை இரைச்சல், யாரோ மீனுக்குப் பேரம் பேசினார்கள்.

"அம்மா, தேங் பேசுறேன்" என்றான். "நான் நல்லா இல்லம்மா. கிளம்பி வா."